கதம்பைக் குழியில் நொதி தேடுதல்: குமரி மாவட்டக் கல்லூரி ஆய்வகங்களுக்கு ஒரு வழிமுறை

மணக்குடிக் காயலோரத்தில் கதம்பை, அதாவது தேங்காய் மட்டை, ஊறப் போட்டிருக்கும் குழியிலிருந்து ஒரு கிராம் சேற்றை எடுத்தால் அதில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கும். அவற்றுள் நூற்றுக்கு ஒன்றுகூட, ஆய்வகத்தில் நுண்ணுயிர் வளர்க்கும் வழக்கமான அகார் தட்டில் முளைப்பதில்லை என்பதை 1985-இல் ஸ்டேலியும் கொனோப்காவும் எடுத்துக்காட்டினர். உயிர்களை வளர்க்காமலேயே ஓரிடத்து டி.என்.ஏ. முழுவதையும் ஒரு தொகுதியாக எடுத்து ஆராயலாம் என்ற எண்ணத்துக்கு 1998-இல் ஜோ ஹேண்டல்ஸ்மனும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் மெட்டாஜீனோம் என்று பெயரிட்டனர். இன்று அந்த டி.என்.ஏ.வை வாசிப்பது கல்லூரி ஆய்வு நிதிக்குள் அடங்கும் செலவாகிவிட்டது. ஆனாலும் நொதி, அதாவது வேதிவினையை விரைவுபடுத்தும் புரதம், தேடிப் புறப்பட்ட ஆய்வுகள் பல, சேற்றில் எந்தெந்த பாக்டீரியாக்கள் இருக்கின்றன என்ற பெயர்ப்பட்டியலோடு நின்றுவிடுகின்றன. வேலையின் வரிசை தலைகீழாக இருப்பதே இதற்குக் காரணம் என்பது என் கருத்து. நொதி எந்தச் சோதனையில் தேற வேண்டும் என்பதை முதலிலும், எங்கே தேடுவது என்பதை அடுத்தும் முடிவு செய்துவிட்டு, டி.என்.ஏ. வாசிப்பைக் கடைசியில் வைத்துக்கொள்வது நல்லது. தாவரச் செல்களை ஒட்டவைக்கும் பெக்டின் என்ற பொருளைச் சிதைக்கும் ஒரு நொதியை எடுத்துக்காட்டாக வைத்து அந்த வரிசையிலேயே இவ்வழிமுறையை எழுதுகிறேன்.

வேலையை வரையறுத்தல்

பருத்தித் துணியை வெளுப்பதற்கும் சாயமிடுவதற்கும் முன்னர் இழையின் மேலுள்ள பெக்டினையும் மெழுகையும் நீக்கியாக வேண்டும். இல்லையெனில் துணி நீரை ஏற்காது. வழக்கமாக இது காஸ்டிக் சோடா கரைசலில், கொதிநிலையை ஒட்டிய வெப்பத்தில் செய்யப்படுகிறது. பெக்டேட் லையேஸ் என்னும் நொதி ஏறத்தாழ 50 முதல் 60 பாகை செல்சியஸில், பி.எச். 8 முதல் 9 வரையுள்ள மிதமான காரத்தில், பெக்டினை நீக்கும் பணியைச் செய்யக்கூடியது. எரிபொருளும் கழிவுநீரில் சேரும் காரமும் குறையும் என்பதால் திருப்பூர் போன்ற ஊர்களுக்கு இது பொருட்படுத்தத்தக்க வேறுபாடு. பெக்டினைச் சிதைக்கும் இன்னொரு நொதியான பாலிகேலக்டுரோனேஸ் பெரும்பாலும் அமில நிலையில் இயங்குவது. பழச்சாற்றைத் தெளியவைக்க அது உதவும், துணிக்கு உதவாது. பெக்டின் கலந்த அகார் தட்டில் இரண்டும் ஒரே மாதிரியான தெளிவளையத்தைத்தான் காட்டும் என்பதை நினைவில் வைத்தால், தேடும் நிலைமையை முன்கூட்டியே எழுதிவைப்பதன் அவசியம் புரியும்.

ஆகவே சேறு எடுக்கப் போவதற்கு முன், ஒரே பக்கத்தில், நொதி வேலை செய்ய வேண்டிய பி.எச்., வெப்பம், நேரம், உப்பின் அளவு, தொட்டியில் உடனிருக்கும் வேதிப்பொருள்கள் ஆகியவற்றை எழுத வேண்டும். கடைசியாகச் சொன்னது பலருக்கும் விடுபட்டுப்போவது. பெக்டேட் லையேஸ் இயங்கக் கால்சியம் தேவை. கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ. போன்ற பொருள் துணித் தொட்டியில் சேர்க்கப்படுமானால், ஆய்வகத்தில் சிறப்பாக இயங்கிய நொதி அங்கே செயலற்றுப் போகும்.

இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

தேங்காப்பட்டணம் முதல் மணக்குடி வரையுள்ள காயல் ஓரங்களில் கதம்பையை மாதக்கணக்கில் நீரில் ஊறவைத்துத் தும்பு என்னும் நார் எடுப்பது நெடுநாள் தொழில். தும்புகளை ஒட்டவைத்திருக்கும் பெக்டினை நுண்ணுயிர்கள் கரைப்பதாலேயே நார் பிரிகிறது; குழியிலிருந்து எழும் அழுகிய முட்டை நாற்றம், ஆக்சிஜன் இல்லாத சேற்றில் சல்ஃபேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றும் பாக்டீரியாக்களின் வேலை. தலைமுறை தலைமுறையாகப் பெக்டினையே உணவாகப் பெற்றுவந்த நுண்ணுயிர்க் கூட்டம் இவ்வளவு அருகில் கிடைக்கும் மாவட்டங்கள் அதிகமில்லை.

ஆனால் ஒரு குறையை மறைக்காமல் சொல்ல வேண்டும். குழியின் வெப்பம் 30 பாகையை ஒட்டியே இருக்கும். அங்கு வாழும் உயிருக்கு 55 பாகையில் இயங்கும் நொதி தேவையே இல்லை. வெப்பம் தாங்கும் நொதி வேண்டுமெனில், குழியை மட்டும் நம்பாமல், தும்பு எடுத்தபின் எஞ்சும் தென்னைநார்க் கழிவை உரமாக்கக் குவித்திருக்கும் இடத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நன்றாக மக்கும் குவியலின் நடுப்பகுதி 50 பாகையைத் தாண்டும். ஜப்பானில் இலைகளும் கிளைகளும் மக்கிய உரக்குவியலின் மெட்டாஜீனோமிலிருந்து 2012-இல் கண்டெடுத்த, இலையின் மெழுகுப் படலத்தைச் சிதைக்கும் கியூட்டினேஸ் நொதிதான், பின்னர் மாற்றியமைக்கப்பட்டு, பெட் பாட்டில் பிளாஸ்டிக்கின் 90 விழுக்காட்டைப் பத்து மணி நேரத்தில் உடைத்ததாக 2020-இல் அறிவிக்கப்பட்டது. மக்கும் குவியலின் வெப்பத்தில் நிலைத்து நின்ற புரதமாக அது இருந்ததே அந்த வெற்றிக்குத் துணையாயிற்று.

மாவட்டத்தின் மற்ற இடங்கள் வேறு வேலைகளுக்குப் பொருந்தும். புத்தளம், சாமித்தோப்பு உப்பளங்களில் கோடையில் இளஞ்சிவப்பாகும் செறிந்த உப்புநீரில் ஆர்க்கியா எனப்படும், பாக்டீரியாவிலிருந்து வேறான உப்புவிரும்பி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவற்றின் நொதிகள் பல, நீர் குறைந்த கரைப்பான்களிலும் நிலைக்கக்கூடியவை. குளச்சல், முட்டம், சின்னமுட்டம் துறைமுகங்களில் மீன் கழிவு சேரும் இடங்கள் புரதத்தையும் இறால் ஓட்டின் கைட்டினையும் சிதைக்கும் நொதிகளுக்கு உகந்தவை. குலசேகரம், கீரிப்பாறைப் பகுதிகளில் ஒட்டுப்பால் (உறைந்த ரப்பர் பால்) கிடந்து மக்கிய மண்ணில், ரப்பரை உடைக்கும், இழைபோல் வளரும் ஆக்டினோமைசீட்டு பாக்டீரியாக்களைத் தேடலாம். ரப்பரை உடைக்கும் எல்.சி.பி. என்னும் நொதி, அவற்றுள் ஒன்றான ஸ்ட்ரெப்டோமைசிஸ் கே30 என்ற வகையிலிருந்தே அறியப்பட்டது. ரப்பர் பாலைத் தட்டில் ஊற்றுமுன் நன்கு கழுவிச் சாற்றுநீரை நீக்கியாக வேண்டும். இல்லையெனில் அதிலுள்ள புரதத்தையும் சர்க்கரையையும் உண்டு வளர்வனவெல்லாம் ரப்பர் உண்ணிகளாகத் தோன்றும். மணவாளக்குறிச்சியின் கதிரியக்கமுள்ள மோனசைட் மணல் பலரையும் ஈர்க்கிறது. கதிர்வீச்சைத் தாங்கும் உயிர் அங்கே கிடைத்தாலும், அதன் நொதி எந்தத் தொட்டியில் எந்த வேலைக்கு என்ற கேள்விக்கு விடை இருந்தால் மட்டுமே அங்கே போவதில் பொருள் உண்டு.

அனுமதி

குழி தனியாருடையது எனில் உரிமையாளரின் ஒப்புதலை எழுத்தில் பெறுவது முறை. சரணாலயக் காட்டுக்குள் மாதிரி எடுக்க வனத்துறையின் அனுமதி வேண்டும். 2022-இல் ராம்சர் என்னும் பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த சுசீந்திரம் தேரூர், வேம்பனூர் ஈரநிலங்களிலும் உரிய துறையிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டத்தின்படி நுண்ணுயிரும் உயிரியல் வளமே. வெளிநாட்டு நிறுவனம் பங்கேற்றாலோ, மாதிரியை நாட்டுக்கு வெளியே அனுப்புவதானாலோ, சென்னையில் தலைமையகம் கொண்ட தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் நடைமுறைகளை முதலிலேயே பார்த்துவிட வேண்டும். மரபணுவை வேறு உயிரில் ஏற்றும் கட்டத்துக்கு, கல்லூரியின் உயிரியல் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதல் தேவை. இவற்றைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தால், நல்ல நொதி கிடைத்த நாளில்தான் சிக்கல் தொடங்கும்.

சேறு எடுத்தல்

குமரி மாவட்டம் தென்மேற்கு, வடகிழக்குப் பருவமழைகள் இரண்டையும் பெறுவதால் காயலின் உப்புத்தன்மை ஆண்டுக்குள் பெரிதும் ஏறி இறங்கும். பொழிமுகம் அடைபட்டிருக்கிறதா திறந்திருக்கிறதா என்பதும் அதை மாற்றும். எனவே எடுத்த நாள், அலைநிலை, நீரின் வெப்பம், பி.எச்., உப்பளவு, சேற்றின் ஆழம், கதம்பை எத்தனை மாதமாக ஊறுகிறது என்ற விவரம் ஆகியவற்றை அங்கேயே நின்று குறித்துக்கொள்ள வேண்டும். ஊறலின் தொடக்கத்தில் கதம்பையிலிருந்து கசியும் பாலிஃபீனால்கள் நீரைப் பழுப்பாக்கும். நார் பிரியத் தொடங்கும் இடைக்காலமே பெக்டின் சிதைவுக்கு உகந்தது என்பதால், வெவ்வேறு வயதுடைய இரண்டு மூன்று குழிகளிலிருந்து எடுத்து ஒப்பிடுவது பயன் தரும். சேற்றை மட்டுமன்றி, பிரியத் தொடங்கிய கதம்பையின் உட்பகுதியையும் நறுக்கி எடுக்க வேண்டும். நாரோடு ஒட்டி வேலை செய்யும் பாக்டீரியாக்கள் அங்கேதான் இருக்கும்.

ஒவ்வொரு மாதிரியையும் மூன்றாகப் பிரிக்கவும். டி.என்.ஏ.வுக்கான பங்கு பனிக்கட்டியில் ஆய்வகம் சேர்ந்து அன்றே உறைநிலைக்குப் போக வேண்டும். வளர்ப்புக்கான பங்கை, கிளிசரால் சேர்க்காமல் உறையவைத்தால் அதிலுள்ள உயிர்கள் பெரும்பகுதி இறந்துவிடும் என்பதால், குளிர்ச்சியாக வைத்து உடனே பயன்படுத்த வேண்டும். ஆக்சிஜன் ஆகாத உயிர்களுக்கான பங்கைக் காற்றிடம் விடாமல் புட்டி நிறைய அடைத்து மூட வேண்டும். முழங்கால் வரை பூட்சும் ரப்பர்க் கையுறையும் கட்டாயம். இத்தகைய தேங்கிய நீரில் எலிக்காய்ச்சல் தொற்றும் அபாயம் உண்டு, காலில் புண் இருப்பவர் இறங்கவே கூடாது.

செறிவூட்டலும் வளர்ப்பும்

சேற்றை அப்படியே வாசித்தால் ஆயிரக்கணக்கான இனங்களின் டி.என்.ஏ. கலந்துவரும், தேடும் மரபணு அதில் ஓரிரு துண்டுகளாக மட்டும் தென்படும். இதைத் தவிர்க்க, நாம் முதலில் எழுதிவைத்த நிலைமையையே ஊடகமாக்கி அதில் சேற்றைச் சிறிதளவு இட்டு வளர்க்க வேண்டும். காயல் நீரின் உப்பளவுக்கு நிகரான உப்பு, 0.5 விழுக்காடு பாலிகேலக்டுரோனிக் அமிலம் (மெத்தில் தொகுதிகள் இல்லாத பெக்டின் சங்கிலி), சிறிதளவு அம்மோனியம் உப்பும் ஈஸ்ட் சாறும், பி.எச். 9, வெப்பம் 50 பாகை என்பது துணிக்கான நொதிக்கு ஏற்ற ஊடகம். சாதாரணப் பெக்டினைவிட பாலிகேலக்டுரோனிக் அமிலம் மேலானது, ஏனெனில் மெத்தில் தொகுதிகள் நிறைந்த பெக்டின் காரத்தில் சூடாகும்போது நொதி இல்லாமலேயே உடைந்துவிடும். அதே காரணத்தால், பி.எச்.-ஐ உயர்த்தச் சேர்க்கும் சோடியம் கார்பனேட் கரைசலைத் தனியாகக் கிருமிநீக்கம் செய்து, ஊடகம் ஆறியபின் கலக்க வேண்டும்.

ஒரு புட்டியிலிருந்து அடுத்ததற்கு நூற்றில் ஒரு பங்கு வீதம் மாற்றிக்கொண்டே போனால், விரைவாகப் பெருகும் ஓரிரு இனங்கள் மற்றவற்றை ஒடுக்கிவிடும். எனவே டி.என்.ஏ.வை முதல் மாற்றத்தின் முடிவிலேயே எடுத்து வைப்பது நல்லது. பின்வரும் மாற்றங்கள் தூய வளர்ப்புக்கு உதவட்டும். ஆக்சிஜன் ஆகாத உயிர்களுக்கு மெழுகுவத்திச் சாடி போதாது. சுடர் அணைந்த பின்னும் அதில் ஆக்சிஜன் நிறைய எஞ்சியிருக்கும். ஆக்சிஜனை உறிஞ்சும் பொட்டலமும் நிறம் மாறும் காட்டியும் உள்ள மூடிய சாடியே வேண்டும்.

தட்டில் காலனிகள் வளர்ந்தபின், 1 விழுக்காடு சீட்டைல் டிரைமெத்தில் அம்மோனியம் புரோமைடு கரைசலை ஊற்றினால், சிதையாத பாலிகேலக்டுரோனிக் அமிலம் வெண்மையாகப் படியும். நொதி சுரந்த இடம் தெளிவாக நிற்கும். இந்தக் கரைசல் காலனிகளைக் கொன்றுவிடும் என்பதால் ஊற்றுமுன் ஒவ்வொன்றையும் மறுதட்டில் பதித்துக்கொள்ள வேண்டும். தெளிவளையம் தரும் காலனிகளுள் பெரும்பாலானவை பேசில்லஸ், பேனிபேசில்லஸ் வகைகளாக இருக்கும். அவற்றின் பெக்டேட் லையேஸ்கள் ஏற்கெனவே நன்கு அறியப்பட்டவை. ஆகையால் ஒவ்வொரு காலனிக்கும், பாக்டீரியாவின் இனத்தை அடையாளம் காட்டும் 16 எஸ் மரபணுவை வாசித்து, முன்பே அறிந்த இனங்களைக் கழித்த பிறகே மேற்கொண்டு செலவு செய்யவும். இதைத் தவிர 16 எஸ் வாசிப்புக்கு நொதி தேடலில் வேறு பெரிய பயன் இல்லை. யார் இருக்கிறார் என்பதை அது சொல்லும், என்ன நொதி இருக்கிறது என்பதைச் சொல்லாது.

வளராதவற்றின் மரபணு

இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. முதலாவதில், டி.என்.ஏ.வை ஏறத்தாழ 40 ஆயிரம் கார இணைகள் கொண்ட துண்டுகளாக, அயல் டி.என்.ஏ.வைச் சுமக்கும் ஃபாஸ்மிட் என்ற வளையத்தில் ஏற்றி, ஈ. கோலை என்ற ஆய்வக பாக்டீரியாவின் ஆயிரக்கணக்கான காலனிகளில் வைத்து, அவற்றைத் தட்டிலேயே சோதிக்கிறோம். முன்பு சொன்ன உரக்குவியல் கியூட்டினேஸ் இப்படித்தான் கிடைத்தது. அறிந்த எதையும் ஒத்திராத, முற்றிலும் புதிய நொதியைத் தரக்கூடியது இந்த வழியே. ஆனால் அயல் மரபணுக்கள் எல்லாவற்றையும் ஈ. கோலை வெளிப்படுத்துவதில்லை, சராசரியாக 40 விழுக்காட்டு நொதிகளையே இவ்வழியில் எதிர்பார்க்கலாம் என்று 2004-இல் ஒரு கணிப்பு வெளியானது, அதிலும் இனத்துக்கு இனம் பெரிய வேறுபாடு உண்டு. நொதி செல்லுக்குள்ளேயே தங்கிவிட்டால் தெளிவளையம் தோன்றாது என்பதால், காலனிகளைக் குளோரோஃபார்ம் ஆவியில் சற்று வைத்து உடைத்துப் பார்க்க வேண்டும். கைகள் பல இருக்கும் ஆய்வகத்துக்கு இது பொருந்தும். ஒரே மாணவரின் முதுநிலைத் திட்டத்துக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை.

இரண்டாவது வழி, செறிவூட்டிய கூட்டத்தின் டி.என்.ஏ. முழுவதையும் வாசித்துக் கணினியில் தேடுவது. காயல் சேற்றிலும் கதம்பையிலும் ஹியூமிக் அமிலமும் ஃபீனால்களும் மிகுதி, அவை டி.என்.ஏ.வோடு சேர்ந்துவந்து பி.சி.ஆர். என்னும் டி.என்.ஏ. பெருக்கத்தையும் வாசிப்பையும் தடுக்கும். 260, 230 நானோமீட்டர் ஒளியுறிஞ்சல்களின் விகிதம் 2-ஐ ஒட்டி வரும்வரை தூய்மைப்படுத்த வேண்டும். கரைசல் பழுப்பாக இருந்தால் அளந்து பார்க்கவே தேவையில்லை, மீண்டும் கழுவ வேண்டியதுதான். சேறு எதுவும் இடாத வெற்று மாதிரி ஒன்றையும் அதே வினைப்பொருள்களால் எடுத்து உடன் அனுப்பினால், பொருள்களிலேயே கலந்திருக்கும் டி.என்.ஏ.வை அடையாளம் காணலாம்.

வாசித்த துண்டுகளைக் கணினி நிரல்களான மெகாஹிட் கொண்டு தொகுத்து, ப்ராடிகல் கொண்டு மரபணுக்களைக் கண்டறிந்து, டிபிகேன் கொண்டு சர்க்கரைப் பிணைப்புகளை உடைக்கும் குடும்பங்களாகப் பிரிக்கலாம். சொந்தமாகப் பெரிய கணினி இல்லாத கல்லூரிக்குக் கேலக்ஸி என்னும் இலவச இணையத் தளம் பெரும்பாலும் போதும். பெக்டேட் லையேஸ்களை பி.எல். (சர்க்கரைச் சங்கிலி லையேஸ்) 1, 3, 9, 10 ஆகிய குடும்பங்களில் முதலில் தேடவும். கிடைக்கும் பட்டியலைச் சுருக்குவதில்தான் ஆய்வாளரின் தேர்ச்சி வெளிப்படும். 2011-இல் பசுவின் இரைப்பை நுண்ணுயிர்களை ஆராய்ந்த குழு 27,755 சர்க்கரைச் சிதைப்பு மரபணுக்களைக் கணித்தது. அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்துச் சோதித்த 90 புரதங்களுள் 57 விழுக்காடே வேலை செய்தன. கணிப்பு என்பது விண்ணப்பம் மட்டுமே என்று எண்ணி, தொடக்கமும் முடிவும் முழுமையாக உள்ள மரபணுவா, வினையாற்றும் ஆர்ஜினைன், கால்சியத்தைப் பிடிக்கும் ஆஸ்பார்ட்டேட் ஆகிய அமினோ அமிலங்கள் உரிய இடத்தில் இருக்கின்றனவா, வெளியே சுரப்பதற்கான முன்துண்டு உண்டா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். புரத வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்ட் நிரல் வரைந்து காட்டும் வடிவத்தில், பெக்டினைப் பிடிக்கும் பிளவு சரியாக அமைந்திருக்கிறதா என்பதையும் பார்க்கலாம். இப்படிச் சலித்தபின், அறிந்தவற்றோடு பாதியளவே ஒத்திருக்கும் பத்துப் பன்னிரண்டு மரபணுக்களைச் செயற்கையாகச் செய்வித்துச் சோதிப்பது, மிக நெருங்கிய ஒன்றை மட்டும் தேர்ந்தெடுப்பதைவிட மேலானது.

நொதியை உருவாக்கி அளத்தல்

தேர்ந்தெடுத்த மரபணுவை, அதன் சொந்த முன்துண்டை நீக்கிவிட்டு, ஈ. கோலையின் உட்சவ்வுக்கும் வெளிச்சவ்வுக்கும் இடைப்பட்ட வெளிக்குப் புரதத்தை அனுப்பும் பெல்பி முன்துண்டோடு சேர்ப்பது வசதி. ஆய்வகங்கள் அன்றாடம் பயன்படுத்தும் இந்தப் பெல்பியே எர்வினியா பாக்டீரியாவின் ஒரு பெக்டேட் லையேஸிலிருந்து எடுக்கப்பட்டதுதான். புரதம் செய்யச் செல்லைத் தூண்டுவதை 16 முதல் 18 பாகையில் இரவு முழுதும் மெதுவாக நடத்தினால், புரதம் கட்டியாகத் திரண்டு வீணாவது குறையும். உப்பள ஆர்க்கியாவின் நொதிகளுக்கு இந்த வழி பெரும்பாலும் பலிக்காது. அவை செறிந்த உப்பில்தான் சரியாக மடியும் என்பதால் உப்புவிரும்பி ஆர்க்கியாவான ஹேலோஃபெராக்ஸ் வோல்கானியை ஏற்புயிராகக் கொள்ள வேண்டும்.

அளப்பதற்குச் சர்க்கரையின் ஒடுக்கும் முனைகளை எண்ணும் டி.என்.எஸ். முறையைப் பலர் நாடுகின்றனர். ஆனால் அது பாலிகேலக்டுரோனேஸையும் லையேஸையும் பிரித்துக் காட்டாது. கதம்பைச் சாற்றின் ஃபீனால்களும் அதில் நிறம் தரும். பெக்டேட் லையேஸ் உடைக்கும்போது உருவாகும் இரட்டைப் பிணைப்பு 235 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சுவதால், அதையே நேரடியாக அளப்பது சரி. 0.2 விழுக்காடு பாலிகேலக்டுரோனிக் அமிலம், பி.எச். 9 தாங்கல் கரைசல், 0.5 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு போதும். கால்சியம் கூடினால் கரைசல் கூழாகிவிடும். குவார்ட்ஸ் குவெட் (ஒளியளக்கும் சிறு கலம்) அவசியம், சாதாரணக் கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் இந்த அலைநீளத்தை மறைத்துவிடும். மோலார் உறிஞ்சல் கெழு 4,600 என்று கொண்டால், 1 மி.லி. கரைசலில் ஒரு நிமிடத்துக்கு 0.46 உயர்வு என்பது 0.1 மைக்ரோமோல் விளைபொருளுக்கு, அதாவது 0.1 அலகு நொதிக்குச் சமம். இதே கலவையில் ஈ.டி.டி.ஏ. சேர்த்தும், கொதிக்கவைத்த நொதியைச் சேர்த்தும் அளந்து, இரண்டிலும் உயர்வு நின்றுவிடுகிறதா என்று பார்க்காமல் எந்த எண்ணையும் நம்ப வேண்டாம்.

அதன்பின் வினைபொருள் இல்லாமல் 55 பாகையில் நொதியை வைத்து, 10, 30, 60, 120 நிமிடங்களில் எஞ்சும் திறனை அளந்து அரைவாழ்வைக் கணிக்கவும். பலர் உச்ச வெப்பநிலை என்ற ஒரு வளைவோடு நிறுத்திவிடுவதுண்டு. பத்து நிமிடச் சோதனையில் 60 பாகையில் உச்சம் காட்டும் நொதி அரை மணியில் செத்துப்போகலாம், துணி ஆலைக்குத் தேவை நிலைத்து நிற்பது. கடைசிச் சோதனை துணியிலேயே நடக்க வேண்டும். வெளுக்காத பருத்தித் துணியை நொதிக் கரைசலில் ஊறவைத்து, கழுவி உலர்த்தி, அதன் மேல் ஒரு சொட்டு நீரை விட்டு, அது உறிஞ்சப்பட எடுக்கும் நேரத்தை, நொதியில்லாமல் ஊறிய துணியோடும், சம அலகு அளவில் சந்தை நொதி இட்ட துணியோடும் ஒப்பிடவும். கதம்பையையே விரைவாக ஊறவைக்க இந்நொதி உதவுமா என்று கேட்பவர்களும் உண்டு. தும்பில் லிக்னின் மிகுதி என்பதால் பெக்டின் நொதி ஒன்றினால் மட்டும் அந்த வேலை முடியாது. அதற்கு லாக்கேஸ் போன்ற ஃபீனால் சிதைப்பான்களோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நல்ல முடிவு கிடைத்தால், வளர்ப்பைச் சண்டிகரிலுள்ள எம்.டி.சி.சி. என்னும் நுண்ணுயிர்ச் சேமிப்பகத்தில் ஒப்படைக்கலாம், காப்புரிமைக்கான ஒப்படைப்பையும் அது ஏற்கிறது. இயற்கையில் உள்ளபடியே கண்டெடுத்த பொருளுக்கு இந்தியச் சட்டம் காப்புரிமை தராது; மாற்றியமைத்த நொதிக்கோ, அதைக் கொண்டு துணியைப் பதப்படுத்தும் புதிய செய்முறைக்கோ கேட்கலாம். விண்ணப்பத்தில் மணக்குடிச் சேறு என்று மூலத்தைக் குறிப்பிட்டாக வேண்டும், காப்புரிமை வழங்கப்படும் முன் பல்லுயிர் ஆணையத்தில் பதிவும் செய்தாக வேண்டும். கருத்தரங்கில் படித்த சுருக்கவுரையேகூட புதுமையைக் கெடுத்துவிடும் என்பதால், விண்ணப்ப எண் கைக்கு வரும்வரை கட்டுரையையும் மரபணு வரிசையையும் பொதுத் தளங்களில் ஏற்றாமல் வைத்திருக்க வேண்டும்.